வான்கண்ணும் தமிழ்ச்சொல்லும்

(திருவரங்கத்தில் தமிழன்பர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்காத திருச்சிராப்பள்ளியார் எவரும் இக்கூட்டத்தில் இருக்கமாட்டார். 83 மீட்டர் உயரமுள்ள குன்று அது. அதன்மேல் நின்றால் முதலில் காவிரி தெரியும். அதற்கப்பால் தென்னையும் வாழையும் அடர்ந்து, நடுவே கோபுரங்கள் எழுந்த நிலம் தெரியும். அதற்கும் அப்பால், வெள்ளை வேட்டியை உலர்த்தப் போட்டாற்போல் மணல் விரிந்த கொள்ளிடம் தெரியும். ஆனால் இரண்டு ஆறுகளுக்கும் இடையே கிடக்கும் அந்நிலத்தின் மேற்கு முனையையும் கிழக்கு முனையையும் ஒருசேரக் காண அக்குன்றின் உயரம் போதாது. மேற்கே முக்கொம்பில் பிரியும் ஆறுகள், கிழக்கே கல்லணைப் பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுவிடும்போல் நெருங்குகின்றன. இம்முழு வடிவத்தையும் ஒரே பார்வையில் இன்று நமக்குக் காட்டுவது, நிலத்திற்கு 705 கிலோமீட்டர் மேலே சுற்றிவரும் இலேண்ட்சாட் என்னும் செயற்கைக்கோள்.

அந்தப் படத்தை என் வகுப்பு மாணவர்க்குக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். "ஐலண்ட்" என்றனர் பலர். "தீவு" என்றனர் சிலர். "அரங்கம்" என்று ஒருவனும் சொல்லவில்லை. திருவரங்கத்தில் பிறந்து, திருவரங்கத்தில் வளர்ந்து, நாள்தோறும் அப்பெயரைத் தம் முகவரியில் எழுதும் பிள்ளைகள்!

ஆற்றின் இடையே மேடாய்க் கிடக்கும் நிலத்திற்கு, அதாவது ஆற்றிடைக்குறைக்கு, அரங்கம் என்பது தமிழ்ப்பெயர். துருத்தி என்பதும் அதுவே. காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே இருக்கும் திருப்பூந்துருத்தியை நினைத்துப் பாருங்கள். வானத்தில் ஏறிப் பாராமலே, காலால் நடந்து கரையளந்து, நம் முன்னோர் இந்நிலத்தின் வடிவத்தை ஒரு சொல்லில் வரைந்து வைத்தனர். அதை வடமொழிப்படுத்திச் 'சீரங்கம்' ஆக்கியபோது 'அ' என்னும் தலையெழுத்துப் போயிற்று. தலையெழுத்தோடு ஆறும் போயிற்று. வடமொழியில் 'ரங்கம்' என்றால் கூத்தாடும் மேடை. மேடைக்கும் காவிரிக்கும் என்ன உறவு?

இதைக் கேட்டு, 'தனித்தமிழ்க்காரன் வழக்கம்போல் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிட்டான்' என்று சிரிப்பவரும் இருப்பர். சிரிக்கட்டும். சொல் போனால் நிலமும் நீரும் போகும் என்பதை என் சொந்தச் செலவில் கற்றவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வான்கண் எப்படிக் காண்கிறது என்பதைப் பார்ப்போம்.

1972 சூலை 23-ஆம் நாள் அமெரிக்கர் முதல் இலேண்ட்சாட்டை ஏவினர். நிலவளத்தை ஆராய்வதற்கென்றே பறந்த முதற்கோள் அது. 1988 மார்ச்சு 17-இல், அன்றைய சோவியத்து நாட்டுப் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து, இந்தியாவின் ஐ.ஆர்.எசு.-1அ என்னும் தொலையுணர்வுக் கோள் மேலே சென்றது. ஐரோப்பியர் 2014-இலும் 2015-இலும் செண்டினெல் கோள்களை அனுப்பத் தொடங்கினர். 2025 சூலை 30-இல் அமெரிக்க விண்வெளித்துறையும் இசுரோவும் கூடிச் செய்த 'நிசார்' அரிக்கோட்டாவிலிருந்து எழுந்தது.

இக்கோள்கள் எடுப்பது நாம் எடுக்கும் ஒளிப்படம் போன்றதன்று. கதிரவன் ஒளி நிலத்தின்மேல் பட்டுத் திரும்பி எழுகிறது. நம் கண் ஊதாவிலிருந்து சிவப்பு வரையே காணும். சிவப்புக்கு அப்பால் நமக்குத் தெரியாத ஒளி உண்டு, அகச்சிவப்பு என்கிறோம். பச்சை இலை இவ்வொளியை அள்ளி வீசுகிறது. நீரோ இதை விழுங்கிவிடுகிறது. ஆகவே அகச்சிவப்புப் படத்தில் வயல் ஒளிரும், மணல் வெளுக்கும், ஏரி கருத்துக் கிடக்கும். நீர் பச்சையொளியைச் சிறிது திருப்புவதால், பச்சையொளியின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டன் கூட்டுத்தொகையால் வகுத்தால், பெரும்பாலும் நீர் உள்ள இடத்தில் விடை சுழிக்கு மேல் வரும். நிலமுள்ள இடத்தில் கீழே போகும். நான்காம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு! அதைக் கணிப்பொறி கோடிக்கணக்கான கட்டங்களுக்கு இமைப்பொழுதில் செய்கிறது.

கட்டம் என்றேனல்லவா? அதில்தான் செய்தி இருக்கிறது. கோளின் படம் சிறுசிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்திற்கு ஒரே நிறந்தான். முதல் இலேண்ட்சாட்டின் கட்டம் ஏறத்தாழ 80 மீட்டர் பக்கமுடையது. அஃதாவது ஒன்றரை ஏக்கருக்கும் மேல். அரை ஏக்கர் ஊருணி அதன் கண்ணில் படாது. சுற்றியுள்ள கொல்லையோடு கரைந்துபோகும். 1984-இல் சென்ற ஐந்தாம் இலேண்ட்சாட்டின் கட்டம் 30 மீட்டர். கிட்டத்தட்ட 22 செண்டு. செண்டினெல் கட்டம் 10 மீட்டர், இரண்டரைச் செண்டு. ஒரு சிறு வீட்டுமனை அளவுக்குக் கண் கூர்மையாகிவிட்டது.

ஆயினும் அக்கண்ணுக்குச் சில மயக்கங்கள் உண்டு. ஐப்பசியில் நம் காவிரிப்படுகை வயல்களில் நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியிருக்கிறோம். கோள் அதை ஏரி என்று எண்ணிக்கொள்ளும். ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டால், அதை வயல் என்று எண்ணிக்கொள்ளும். எல்லாவற்றிலும் கொடிது முகில். நம் ஏரிகள் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். அவ்வேளையில் வானமே மூடிக்கிடக்கிறது. எப்போது பார்க்க வேண்டுமோ அப்போது ஒளிக்கண் குருடு! இக்குறையைத் தீர்க்கவே இரேடார் அலையை அனுப்பித் திரும்பிவருவதை அளக்கும் கோள்கள் வந்தன. அவ்வலை முகிலை ஊடுருவும்; இருளிலும் இயங்கும். அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அலையை அப்பால் தள்ளிவிடுவதால், அங்கும் நீர் கருநிறமாகவே தெரியும். செண்டினெல் வரிசையின் முதற்கோளும் நிசாரும் இவ்வகையின.

இப்படி எடுத்த படங்கள் பல ஆண்டுகளாய்க் குவிந்து கிடக்கின்றன. இலேண்ட்சாட்டின் படங்களை 2008 முதல் எவரும் விலையின்றிப் பெறலாம். 1984 முதல் 2015 வரை எடுத்த ஏறத்தாழ 30 இலக்கம் படங்களை அடுக்கி, ஞாலம் முழுவதும் எங்கெங்கே எத்தனை காலம் நீர் நின்றது என்று ஐரோப்பிய ஆய்வாளர் 2016-இல் நிலப்படம் வெளியிட்டனர். அதே ஆண்டில் நெதர்லாந்து நாட்டார் செய்த ஆய்வு, முப்பதாண்டுகளில் 1,73,000 சதுரக் கிலோமீட்டர் நீர்ப்பரப்பு நிலமாயிற்று என்றும், 1,15,000 சதுரக் கிலோமீட்டர் நிலம் நீராயிற்று என்றும் கணக்கிட்டது. நம் திருச்சிராப்பள்ளியிலும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு மையம் இருக்கிறது. காவிரி பண்டு ஓடிக் கைவிட்ட தடங்களை வான்படங்களில் தேடிய ஆய்வுகள் அங்கு நடந்துள்ளன. நம் பிள்ளைகள் அம்மையத்தின் வாயிலையும் மிதிக்காமல் படிப்பை முடித்துவிடுகின்றனர் என்பது வேறு வருத்தம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கும் முன்பு இந்நகரின் தென்புறத்தில் ஒரு மனை வாங்கினேன். எல்லாரும் வாங்கினர், நானும் வாங்கினேன். வரைபடத்தில் சாலைகள் நேர்க்கோடாய் இருந்தன. புதிய குடியிருப்பின் பெயரும் 'நகர்' என்று அழகாய் முடிந்தது. என் ஆவணத்தில் நான்கெல்லை எழுதியிருந்தது: வடக்கே 20 அடிச் சாலை. அதனோடு பழைய மூல ஆவணத்தின் படியையும் கொடுத்தனர். அதில் அதே வடக்கெல்லைக்கு எழுதியிருந்தது: கலிங்குக் காலுக்குத் தெற்கு.

படித்தேன். எனக்குத் தமிழ் தெரியும். கல்லூரியில் தமிழே பாடமாய்ப் படித்தவன். கலிங்கு என்றால் ஏரி நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடக் கட்டிய அமைப்பு என்று அகரமுதலி பாராமலே சொல்வேன். கால் என்றால் வாய்க்கால். ஆனாலும் அன்று அச்சொற்கள் எனக்குச் சொற்களாய்த்தான் தெரிந்தன, நீராய்த் தெரியவில்லை. ஏரி எங்கே என்றும் கேட்கவில்லை. கலிங்கு எங்கே என்றும் கேட்கவில்லை. வீடு கட்டிக் குடிபோனேன்.

2005 நவம்பரில் பெருமழை. கோரையாறும் குடமுருட்டியும் கரைமீறின. நகரின் பல பகுதிகள் மூழ்கின. எங்கள் தெருவிற்கு ஆற்றுநீர் வரவில்லை. வந்தது ஏரிநீர். அந்த 20 அடிச் சாலையின் வழியே, அளந்து வைத்தாற்போல், நேராக வந்தது. நீர் வழி மறக்கவில்லை, நாம்தான் மறந்தோம். மூன்றாம் நாள் நீர் வடிந்தபின் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் எங்கள் வாயிலில் நின்று, "ஏன் ஐயா, கலிங்குக்காலுல வீட்டைக் கட்டிட்டுத் தண்ணி வருதுன்னா எப்படி?" என்றார். எழுத்தறியாத அவர் அறிந்த தமிழை, தமிழாசிரியன் நான் அறிந்திருக்கவில்லை. இன்று எண்ணினாலும் நாணம் தாங்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, முன்னாள் மாணவர் ஒருவர் 1990-களில் எடுத்த இலேண்ட்சாட் படமொன்றைக் கணிப்பொறியில் எனக்குக் காட்டினார். முகில் விலகிய தைத்திங்கள் படம். எங்கள் தெரு இன்று இருக்கும் இடத்துக்கு மேற்கே கரும்பரப்பு. அதுவே ஏரி. அதிலிருந்து மெல்லிய கருங்கீற்று ஒன்று கிழக்கே இறங்கி, எங்கள் வீட்டை உரசிக்கொண்டு போயிற்று. அடுத்துச் சித்திரைத் திங்கள் படத்தைக் காட்டினார். ஏரியும் இல்லை, கீற்றும் இல்லை, வெறுந்தரை.

இவ்விரண்டு படங்களையும் ஓர் அலுவலர் முன் வைத்தால் என்ன நடக்கும்? சித்திரைப் படத்தைக் காட்டி மனைவணிகர், "இங்கே நீரே இல்லையே" என்பார். தைப் படத்தைக் காட்டி நாம், "இதோ நீர்" என்போம். கோள் இரண்டுக்கும் சான்று சொல்கிறது. ஏனெனில் அதற்குத் தெரிந்தது நீர், நிலம் என்னும் இரண்டே சொற்கள். ஆண்டில் நான்கு திங்கள் நீராகவும், எட்டுத் திங்கள் மேய்ச்சல் தரையாகவும் இருக்கும் இடத்திற்கு அதனிடம் பெயரில்லை. ஐரோப்பியர் நிலப்படம் 'பருவநீர்' என்று ஒரு வகையைச் சேர்த்திருக்கிறது, அது நன்று. ஆயினும் தமிழில் அதற்குப் பழைய பெயர் உண்டு: ஏரியின் உள்வாய். நீர் நின்றாலும் நில்லாவிட்டாலும் அது ஏரியின் உடைமை. வாய் திறந்திருக்கிறது, சோறு இல்லை என்பதற்காக அதை வாய் இல்லை என்பீர்களா?

நம் முன்னோர் இவ்வேறுபாட்டைச் சொல்லளவில் வைத்துக்கொள்ளவில்லை. அரசுக் கணக்கிலேயே ஏற்றினர். இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001-ஐ ஒட்டி, சோழநாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. உலகளந்த கோல் என்று அளவுகோலுக்குப் பெயர். ஒரு வேலியை 5,242 கோடியே 88 இலக்கம் கூறுகளாக்கிய நுண்பின்னம் வரை கணக்கெழுதினர் என்று வரலாற்றறிஞர் வியக்கின்றனர். அந்தப் பின்னம் எனக்கு அவ்வளவு வியப்பில்லை. முந்திரியைக் கீழ்முந்திரியாக்கி மேலும் மேலும் பகுப்பது நம் எண்சுவடி வழக்கந்தான். எனக்கு வியப்பு வேறொன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டில் கோயிலுக்கு இறை செலுத்தவேண்டிய ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பையும் சொல்லிவிட்டு, இறையிறுக்க வேண்டாத பரப்பைக் கழிக்கின்றனர். ஊர்மனை, குளம், குளக்கரை, சுடுகாடு, வாய்க்கால் என்று ஒவ்வொன்றாய்க் கழிகிறது. அவ்வாய்க்கால்களுள், இவ்வூருக்குப் பாய்வன அல்லாமல், இவ்வூரை ஊடறுத்துச் சென்று அயலூர்களுக்கு நீர் பாய்ச்சுவனவும் தனியே சொல்லப்படுகின்றன.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வாய்க்கால் ஒரு கோடு. அது எவ்வூர் நீர், எவ்வூர் நிலத்தின் வழியே எவ்வூர்க்குப் போகிறது என்பது கோட்டில் எழுதியிருக்காது. அது உரிமை. உரிமை அகச்சிவப்பில் தெரியாது. அதை மொழிதான் சொல்லமுடியும். ஆயிரமாண்டுக்கு முன் தமிழ் சொல்லியிருக்கிறது.

இன்றைய கணக்கு எப்படி இருக்கிறது? நடுவணரசு முதன்முறையாக நீர்நிலைக் கணக்கெடுப்பு நடத்தி 2023-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 1,06,957 நீர்நிலைகள். அவற்றுள் 8,366 பிறரால் கவரப்பட்டவை. இக்கணக்கெடுப்பு பெரும்பணி; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஒவ்வொரு நீர்நிலைக்கும் இருப்பிடக் குறியீடும் ஒளிப்படமும் சேர்த்திருக்கின்றனர். ஆனால் எவ்வகை நீர்நிலை என்று எழுத அதில் வைத்திருக்கும் பெட்டிகள் சிலவே: பாண்ட், டாங்க், லேக், ரிசர்வாயர், தடுப்பணை போன்றவை, மற்றவை. இப்பெட்டிகளுக்குள் நம் ஊருணியை எங்கே இடுவது? கண்மாயை எங்கே இடுவது? தொண்டைநாட்டுத் தாங்கலையும் பாண்டிநாட்டு ஏந்தலையும் எங்கே இடுவது? உண்ணும் நீருக்கானது ஊருணி. அதில் மாடு இறங்கக்கூடாது. உழவுக்கானது ஏரி. மழைநீரை ஏந்தி நிற்பது ஏந்தல். தானே அமைந்த நீர்நிலை பொய்கை. பெயரிலேயே அதன் பயனும் அதைக் காக்கும் முறையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் 'பாண்ட்' என்று எழுதிவிட்டால், ஊருணியில் மீன்குத்தகை விடுவதற்கும் தடையில்லை.

பெயர் பொருளை எப்படிக் காக்கிறது என்பதற்குக் கொள்ளிடத்தைவிட நல்ல சான்று இல்லை. கொள்+இடம். பெருவெள்ளத்தைக் கொள்ளும் இடம். காவிரி பாசனத்திற்கு, மிஞ்சியது கொள்ளிடத்திற்கு. இவ்வாறு பங்கிட்டுப் பெயரிட்டனர். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஆகவே காலப்போக்கில் காவிரிக்கு வரவேண்டிய நீரையும் அது இழுத்துக்கொண்டது. 1836-க்கும் 1838-க்கும் இடையே ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியது அதைத் திருத்தத்தான். அவர் ஆங்கிலேயர், ஆனால் கல்லணையைக் கட்டிய நம் முன்னோரிடம் மணலில் அடித்தளம் இடும் வழியைக் கற்றதாக அவரே ஒப்பினார். அம்மட்டில் அவரைப் போற்றுவோம். அவர் காலத்து நிலப்படக்காரர் கொள்ளிடத்தைக் 'கோல்ரூன்' என்று எழுதினர். அதைப் படிப்பவனுக்கு அங்கே வெள்ளம் வரும் என்று எப்படித் தெரியும்? ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதைப் பார்த்து, அதை மணற்கிடங்கு என்றே எண்ணிக்கொள்வான்.

அப்படித்தான் எண்ணிக்கொண்டனர். 2018 ஆகசுட்டில் மேட்டூர் நிறைந்து கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள், இதே திருவரங்கத்துக்கு வடக்கே, சரிந்து விழுந்தன. அதே ஆகசுட்டு 22-ஆம் நாள் இரவில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 45 கதவுகளுள் 9 கதவுகள் அடித்துச் செல்லப்பட்டன. கரணியம் முதுமையா, மணற்கொள்ளையா என்று அன்று பலவாறு பேசப்பட்டது. முதுமை ஒரு கரணியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் அடியில் மணல் இருக்கும்வரை முதியவனும் நிற்பான்.

மணலைப் பற்றிய செய்தியில்தான் வான்கண்ணின் வலிமையை நாடறிந்தது. 2023-இல் நடுவண் அமலாக்கத்துறை தமிழ்நாட்டு மணற்குவாரிகளை ஆராயக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைத் துணைக்கழைத்தது. கோள்படங்களும் களஅளவைகளும் கொண்டு 28 இடங்களை அளந்தனர். அள்ளுவதற்கு இசைவு தந்த பரப்பு 190 எக்டேர் என்றும், அள்ளிய பரப்பு 987 எக்டேர் என்றும் அவ்வறிக்கை கூறியதாக 2024-இல் செய்தித்தாள்கள் எழுதின. அது வழக்குமன்றத் தீர்ப்பன்று. ஒரு துறையின் குற்றச்சாட்டு. நடுவண் துறைகள் எதற்காக எப்போது விழித்துக்கொள்கின்றன என்பதும் நமக்குத் தெரியாததன்று. ஆனால் குழியை எவன் அளந்தாலும் குழி குழிதான்.

இங்கேயும் கோளின் மயக்கமொன்றைச் சொல்லவேண்டும். ஆற்று மணலைத் தோண்டிய பள்ளத்தில் ஊற்று நீர் தேங்கும். வானிலிருந்து பார்த்தால் வெண்மணலின் நடுவே கரும்புள்ளி. கணிப்பொறி அதை 'நீர்ப்பரப்பு' என்று கூட்டிக்கொள்ளும். ஆற்றைத் தோண்டத் தோண்ட நீர்ப்பரப்பு பெருகியதாகக் கணக்குக் காட்டலாம்! அதைப் பள்ளம் என்று சொல்வதா, மடு என்று சொல்வதா? மடு ஆறு தானே ஆக்கியது. கோடையிலும் மீனையும் ஊரையும் காத்தது. பள்ளம் மண்வாரிப் பொறி ஆக்கியது. கோளுக்கு இரண்டும் ஒன்று.

நிலத்தடி நீரைப் பற்றியும் ஒரு சொல். 2018 பிப்ரவரி 16-இல் உச்ச வழக்குமன்றம் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கை 192-இலிருந்து 177.25 ஆயிரம் மில்லியன் கன அடியாகக் குறைத்தது. குறைத்ததற்குக் காட்டிய கரணியங்களுள் ஒன்று, தமிழ்நாட்டுப் படுகையின் நிலத்தடியில் இருக்கும் நீர். அதில் 10-ஐக் கணக்கில் எடுத்துக்கொண்டனர். நிலத்தடி நீர் எங்கிருந்து வந்தது? ஆறு ஓடினால் ஊறும்; ஓடாவிட்டால் வற்றும். திருவானைக்காவின் கருவறையில் நீர் ஊறுவதைக் காணும் நம் பாட்டிமார்க்கு அது காவிரியின் நீர் என்று தெரியும். ஒளிக்கண் இந்நீரைக் காணாது. ஈர்ப்பு விசையின் மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரை எடைபோடும் கோள்கள் 2002 முதல் பறக்கின்றன. ஆயினும் அவை பல நூறு கிலோமீட்டர் அகலத்தைத்தான் ஒன்றாய் எடைபோடும். ஒரு படுகையின் ஒரு மூலையைப் பிரித்துக் காட்டா. காணாத நீரைக் கணக்கில் கொண்டு கண்ட நீரைக் குறைப்பது நமக்கு நேர்ந்த அறக்கேடு.

இப்போது நம்மவரைப் பற்றியும் பேசவேண்டும். கசப்பாக இருந்தால் பொறுத்தருளுங்கள்.

'சேட்டிலைட்' என்பதைச் செயற்கைக்கோள் ஆக்கினோம். 'ரிமோட் சென்சிங்' என்பதைத் தொலையுணர்வு ஆக்கினோம். நல்ல சொற்கள், நிலைத்துவிட்டன. அவற்றை ஆக்கிய மகிழ்ச்சியில் கைதட்டிக்கொண்டோம். அதே காலத்தில் கலிங்கும், குமிழித்தூம்பும், வரத்துக்காலும், உள்வாயும், வாய்த்தலையும் நம் பிள்ளைகளின் நாவிலிருந்து உதிர்ந்தன. புதுச்சொல் ஆக்கும் சூட்டில் இருந்த நாம் அதைக் கவனிக்கவில்லை. வானூர்திக்கும் விண்கலத்துக்கும் தமிழ் தேடிய நாம், நம் வயலுக்கு நீர் வந்த மடையின் பெயரைக் கேட்டு எழுதிவைத்தோமா? நான் எழுதவில்லை. ஆவணத்தில் கண்ணெதிரே இருந்தும் படித்துவிட்டுப் புரட்டியவன் நான்.

2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. எழுத்துக்கூட்டு பற்றிக் குறைகள் எழுந்தன. சில நாள்களில் ஆணையைத் திரும்பப் பெற்றனர். நம் இதழ்களில் அதுபற்றி எவ்வளவோ எழுதினோம். 'ட்ரிச்சி' போகவேண்டும், சரி. ஆனால் அப்பட்டியலில் ஊர்கள் இருந்தன; ஏரிகள் இல்லை. ஏரிப்பெயர்க்காக ஒரு வரியும் நாம் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு ஏரிகளைக் காக்கவும் கவர்ந்தோரை அகற்றவும் சட்டம் வந்தது. ஏரியின் எல்லையை அளந்து அறிவிக்கவேண்டும் என்கிறது அது. அளக்க வருபவர் கையில் இன்று கோள்படம் இருக்கும். அதில் எல்லை தெரியும், பெயர் தெரியாது. "இவ்வோடை எது?" என்று அவர் கேட்கும்போது ஊரில் எவரேனும் விடைசொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லையென்றால், 'பெயரில்லா ஓடை' என்று எழுதுவார். பெயரில்லாததை எடுத்துக்கொள்வது எளிது.

உய்யக்கொண்டான் இன்னும் ஓடுகிறது. இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கிய கால்வாய். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரின் நடுவே நுழைந்து, நம் சாக்கடைகளை எல்லாம் சுமந்து, வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போகிறது. வாய்த்தலை என்றால் வாய்க்காலின் தலைப்பு என்பதை அவ்வூர் வழியே பேருந்தில் போகும் எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

வரும் தைத்திங்களில், முகில் விலகியபின், எம் பள்ளி மாணவர் சிலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கால்வாயின் கரையில் சிறிதுசிறிதாக நடக்கப் போகின்றனர். ஒவ்வொருவர் கையிலும் கோள்படத்தின் படி ஒன்று இருக்கும். எதிர்ப்படும் ஒவ்வொரு மடைக்கும், கலிங்குக்கும், கிளைக்காலுக்கும் ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டு அதன்மேல் தமிழில் எழுதுவர். ஒரு பெயருக்கு இரண்டு பேர் இருவேறு விடை சொன்னால் இரண்டையும் எழுதுவர். எழுதியதன் படியை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பம் பெறுவோம். உங்கள் உறவினருள், அண்டைவீட்டாருள், முன்னாளில் நீர்க்கட்டியாய் மடை திறந்தவர், ஏரிக்காவல் பார்த்தவர் எவரேனும் இருந்தால், இக்கூட்டம் முடிந்ததும் அவர்தம் ஊரை என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். முதலில் அவர்களிடம் போகவேண்டும்.